ஓட்டை போட்ட பலகை

"உடம்பு நான் இல்லைன்னு இத்தனை வருஷமா சொன்னீங்களே சாமி. இப்ப உள்ள கத்தினது யாரு?"

கேட்டவர் மாசிலாமணி. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்று மடத்தோடு ஒட்டிக்கொண்டவர். சீடர்தான், ஆனால் சாமியைவிட ஒரு வயது மூத்தவர்.

சாமி கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை.

"தொட்டியில வெந்நீர் ஊத்து, உட்காரணும்," என்றார்.

மாசிலாமணிக்கு அது பதிலாகப் படவில்லை.

சாமிக்கு மலக்குடலில் புற்று. ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு கொடுக்கணும், கரண்ட் வைத்தியம் என்றார்கள். இடுப்பில் மையால் குறி போட்டார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, அதை அடக்கிக்கொண்டே மெஷினுக்கு அடியில் குப்புறப் படுக்க வைத்தார்கள்.

குளத்துக்கடியில் சாமி மூச்சை அடக்கினால், மீன்களே பயந்துபோய்க் கரையேறி ஆள் கூப்பிடும் என்பது ஊர்ப் பேச்சு. அப்பேர்ப்பட்டவர் மூத்திரத்தை அடக்க முடியாமல், காத்திருந்த பெஞ்சிலேயே வேட்டியை நனைத்தார்.

வைத்தியம் முடிந்தது. எரிச்சல் முடியவில்லை. அதற்குப் பிறகுதான் கூடியது. தோல் உரிந்தது, ரத்தம் போனது. ஒவ்வொரு தடவையும் கதவுக்குப் பின்னால் "அம்மா" என்று ஓர் அலறல். வெளியே செம்போடு நின்ற மாசிலாமணி அதைக் கேட்டுக் கேட்டு உள்ளுக்குள் இற்றுப்போனார்.

பௌர்ணமி அன்று காலை பையைக் கட்டி வைத்தார். கூட்டம் முடிந்ததும் சொல்லாமல் கிளம்பிவிடுவது என்று.

பௌர்ணமிக்கு மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குட்டைக்கால் வைத்த பலாப் பலகையில் சாமி உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம். மூன்று தலைமுறை குருமார் உட்கார்ந்த பலகை அது. முதல் குரு வெள்ளத்தில் அதன்மேலேயே மூன்று ஊர் மிதந்துபோய், கரை ஒதுங்கிய பிறகு கண்ணைத் திறந்து, "ஏன் ஈரமா இருக்கு?" என்று கேட்டாராம்.

சாமி வந்தார். பலகையைப் பார்த்தார். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

கூட்டமும் நின்றது. வெயில் ஏறியது.

பவுனாம்பாள் என்று ஒருத்தி முன்னால் வந்தாள்.

"எனக்கும் அதே இடத்துலதான் சாமி. குறி போட்டு வரச் சொன்னாங்க. போகாம வீட்டுல கிடக்கேன். மை அழியப்போகுது."

"ஏன் போகல?"

"பயம். நீங்க அதையெல்லாம் பட்டு வந்தவரு. வலிக்குமா சாமி?"

மாசிலாமணி நிமிர்ந்தார். உடம்பு நான் இல்லை என்று இப்போது சொல்வார், இப்போது சொல்வார்.

"வலிக்கும்," என்றார் சாமி. "முடிஞ்ச பிறகு இன்னும் வலிக்கும்."

கூட்டம் முணுமுணுத்தது.

"நீங்க தாங்கிட்டீங்க. நான் கத்தி ஊரைக் கூட்டிருவேன். மருமக முன்னால அந்த அசிங்கத்துக்கு, இப்படியே செத்துப்போறேன்."

"நான் தாங்கினேன்னு யார் சொன்னா? கதவுக்கு வெளியில நின்னவர் இவர்தான். இவரைக் கேளு."

எல்லார் கண்ணும் மாசிலாமணி மேல் திரும்பியது.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மடத்தின் மானம் நிற்கும். இந்தம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

"கத்தினார்," என்றார்.

"பலமாவா?"

"தெருவுல போன மாடு நின்னு திரும்பிப் பார்த்துச்சு."

பவுனாம்பாள் சாமியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப நானும் கத்திக்கலாம்."

"கத்திக்கோ தாயி. மாட்டுக்கு ஒண்ணும் ஆகல."

"நாளைக்கு முதல் பஸ்ஸுல போறேன்," என்றாள்.

சாமி மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

"மாசிலாமணி, ரம்பம் இருக்கா?"

"எதுக்கு சாமி?"

"பலகைக்கு நடுவுல ஒரு ஓட்டை போடு."

"மூணு குருமார் உட்கார்ந்த பலகை சாமி."

"அவங்க மூணு பேருக்கும் பின்பக்கம் நல்லா இருந்துச்சு."

மாசிலாமணி உள்ளே போனார். கட்டி வைத்த பை வாசலை மறித்துக் கிடந்தது. அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, ரம்பத்தையும் உளியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

மரத்தூள் மஞ்சளாகக் கொட்டியது. வெட்டி முடித்ததும் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். சொரசொரவென்று இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, விளிம்பைச் சுற்றி மெத்தென்று கட்டினார்.

சாமி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். உட்கார்ந்தார்.

"அம்மா," என்றார், பலமாக.

அதன் பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள்.