சோழியின் விரதம்

முன்பு ஒரு காலத்தில் மருதங்காடு என்ற நாட்டைச் செங்கண்ணன் என்ற ராஜா ஆண்டுவந்தான். பேர் வைத்த வேளையோ என்னவோ, நடுவயதில் அவனுக்குக் கண்கள் சிவந்து வீங்கி, பார்வையே போய்விடும்போல ஆயிற்று. வைத்தியம் ஒருபக்கம் நடக்க, எல்லையம்மன் சந்நிதியில் விழுந்து, "தாயே, கண்ணைக் கொடு. இனி என் அரண்மனைக்குள் மீனும் கறியும் நுழையாது" என்று வேண்டிக்கொண்டான். கண் தெளிந்தது. அன்றுமுதல் அரண்மனை அடுப்பில் பருப்பும் கீரையும்தான்.

அதுவரை சரி. ஆனால் ராஜா உயிராய் வளர்த்த வெள்ளைப் பூனை சோழியும் அந்த வேண்டுதலில் மாட்டிக்கொண்டது. மடைப்பள்ளி அதிகாரி வல்லபராயர் அதற்கு வெள்ளித் தட்டில் நெய்விட்ட பருப்புச் சோறு வைத்தார். எலி பிடித்து விரதத்தைக் கெடுத்துவிடக் கூடாதென்று கழுத்தில் மணியும் கட்டினார். சோழி முதலில் முகத்தைத் திருப்பியது. பசி தாளாமல் பிறகு தின்றது. "பார்த்தீர்களா பிரபு, தங்கள் பக்தியைக் கண்டு பூனையே சைவமாகிவிட்டது" என்றார் ராயர். ராஜா பூரித்துப்போய் அவருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினான்.

மந்திரி இளம்பூதனுக்குத்தான் மனசு ஆறவில்லை. சோழியின் ரோமம் தேங்காய் நாரைப்போல ஆகிவிட்டிருந்தது. ஒரே தாவலில் சிங்காசனம் ஏறும் பூனை, இப்போது சிங்காசனத்தின் காலில் முட்டிக்கொண்டு நின்றது. பட்டப்பகலிலும் கண்ணின் கருமணி அகன்றே கிடந்தது.

"தியானத்தில் இருக்கிறது" என்றார் ராயர்.

"பார்வை போய்க்கொண்டிருக்கிறது" என்றார் மந்திரி. "மகாராஜா, பூனை உடம்பு புலாலுக்கென்றே அமைந்தது. பருப்புச் சோறு அதன் வயிற்றை நிரப்பும், உடம்பைக் காக்காது. இப்படியே விட்டால் கண் போகும், பின்னால் உயிரும் போகும்."

ராஜாவின் முகம் இருண்டது. "என் வேண்டுதலை முறிக்கச் சொல்கிறீரா? இருட்டில் கிடந்தவன் நான். இனி இந்தச் சபையில் மீன் என்று வாய் திறந்தால் உமக்கு மந்திரி பதவி கிடையாது."

ராயருக்கு அந்தப் பதவிமேல் வெகுநாளாய் ஆசை. "அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்தினால் பூனைக்கும் சரியாகிவிடும் பிரபு" என்று குழைந்தார்.

மந்திரி வீட்டுக்குப் போய் யோசித்தார். ராஜா கொடியவன் இல்லை, பயந்துபோயிருக்கிறான். பயந்தவனிடம் நியாயம் பேசி ஆகப்போவது என்ன?

மறுநாள் சிரித்த முகத்தோடு சபைக்கு வந்தார். "மகாராஜா, சோழிக்காக நானும் அம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்துவிட்டேன்."

"பேஷ். என்ன வேண்டுதல்?"

"பட்டத்துக் குதிரையின் தீனியை மட்டுமே தின்று வல்லபராயர் விரதம் இருப்பார் என்று."

ராயருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீர் வேண்டிக்கொண்டால் நான் ஏன் ஐயா புல் தின்ன வேண்டும்?"

"அம்மா வேண்டிக்கொள்கிறாள், பிள்ளைக்கு மொட்டை அடிக்கிறார்கள். பிள்ளையைக் கேட்டா அடிக்கிறார்கள்?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு வேடிக்கை என்றால் சோறு வேண்டாம். "வேண்டியது வேண்டியதுதான். அம்மன் காரியத்தில் விளையாடக் கூடாது ராயரே" என்று உத்தரவு போட்டுவிட்டான்.

வெள்ளித் தட்டில் புல்லும் ஊறிய கொள்ளும் வந்தன. கொள்ளை எப்படியோ மென்றார் ராயர். புல் தொண்டையிலேயே நின்றது. சில நாளில் கன்னம் ஒட்டி, சபைத் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ராயர் தியானத்தில் இருக்கிறார்" என்றார் மந்திரி. "தீனியில் குறை இல்லை மகாராஜா. இதைத் தின்றுதானே பட்டத்துக் குதிரை காற்றாய்ப் பறக்கிறது?"

ராயர் அழுதே விட்டார். "குதிரை வயிறு வேறு, என் வயிறு வேறு பிரபு. யார் வேண்டிக்கொண்டாரோ அவர் தின்னட்டும். என் வாயை ஏன் கட்ட வேண்டும்?"

மந்திரி சோழியைத் தூக்கிவந்து ராஜாவின் காலடியில் விட்டார். ராஜா குனிந்து சோழியின் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினான். அது இமைக்கவில்லை. மறுபடி ஆட்டினான்.

"கண் வேண்டுமென்று கேட்டது நான். இதன் கண்ணையா அம்மன் கேட்டாள்?"

"அம்மன் கேட்கவில்லை மகாராஜா. நாமாகப் பிடுங்கிக் கொடுத்தோம்."

அன்றே ராஜா சோழியின் கழுத்து மணியை அவிழ்த்தான். தன் வேண்டுதலையும் விடவில்லை. அரண்மனைக்கு வெளியே மந்திரி வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டினார்கள். உப்பு, காரம், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வெந்நீரில் வேகவைத்த மீன், நடுநடுவே கொஞ்சம் ஆட்டு ஈரல். முள் எடுக்கிற உத்தியோகம் வல்லபராயருக்கு. சால்வையை மடித்து வைத்துவிட்டு, தினமும் மந்திரி வீட்டுக் கொல்லையில் குந்தி முள் பொறுக்கினார்.

சோழியின் ரோமம் மறுபடி மினுங்கியது. போன பார்வை திரும்பவில்லை, மிச்சமிருந்தது மட்டும் நின்றது. ராஜாவே தினம் அதைத் தூக்கிவந்து தன் கையால் ஊட்டினான். சோழி மோந்து மோந்து அந்தக் கையைத் தேடும்போதெல்லாம் அவன் கண் கலங்கும்.

ஒருநாள், "மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும்? தயங்காமல் கேளும்" என்றான்.

"ஒன்றே ஒன்றுதான் மகாராஜா. எனக்காக யாரும் எதையும் வேண்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும்."