மிஞ்சின புளியங்கொட்டை

ஒரு மலையிடுக்குல ஒரு ஊரு, அந்த ஊருல ஒரு புது மருமக. பேரு ஒச்சம்மா. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அவ குரலு அடுப்படியைத் தாண்டினதே இல்ல. நீ ம் சொல்லிக்கிட்டே கேளு, என்ன?

ம்.

ஐப்பசி பொறந்தா வடக்கேயிருந்து பருந்துக்கூட்டம் அந்த இடுக்கு வழியாத்தான் வரும். பொழுது சாயவும் ஊருக்கு மேக்க நிக்கிற பெரிய இலவமரத்துல அடையும். மறுநா வெயில் ஏறினதும் தெக்கே போயிரும். பசியோட வர்ற பருந்து சும்மா இருக்குமா? கோழிக்குஞ்சு, ஆட்டுக்குட்டி, பச்சப்புள்ள, எது வெளிய கெடந்தாலும் தூக்கிரும். அதனால ஒரு வழக்கம். வீட்டுக்கு ஒரு நாள் எண்ணுற முறை. சாயங்காலம் அடையிற பருந்துக்கு ஒண்ணொண்ணா கலயத்துல புளியங்கொட்டை போடணும். காலையில கெளம்புற பருந்துக்கு ஒண்ணொண்ணா வெளிய எடுக்கணும். கலயம் காலியானா "போயாச்சு"ன்னு சொல்லணும். அதுக்கப்புறந்தான் ஊர்க்கதவெல்லாம் தெறக்கும்.

அன்னைக்கு ஒச்சம்மா முறை. முந்தின சாயங்காலமே கொட்டை போட்டுட்டா. இப்போ வெயில் ஏறவும் கூரை எறவாணத்துக்கடியில ஒண்டிக்கிட்டு, கெளம்புறதை எண்ணி எண்ணி எடுக்குறா. விர்ர்ர், விர்ர்ர்னு ஒண்ணு, பத்து, முப்பது. வட்டம் போட்டு வட்டம் போட்டு மேல ஏறி எல்லாம் போயிருச்சு. மரம் அசையாம நிக்குது. கலயத்துக்குள்ள கைய விட்டா, ஒரு கொட்டை தட்டுப்படுது.

ம்.

அப்போ கதவுக்குப் பின்னாலேருந்து மாமியா கேட்டா, "போயாச்சா ஆத்தா?"

ஒச்சம்மா பேசல. நேத்து தும்மினப்போ ஒண்ணுக்கு ரெண்டா போட்டுட்டோமோன்னு நெனச்சா.

அப்புறம் எதுத்த வீட்டுப் பெரியவரு, "ஆடு கத்துதும்மா, போயாச்சா?"ன்னாரு. அப்பவும் பேசல.

மூணாவதா, கைப்புள்ளையோட அதே வீட்டுல இருக்கிற அவ புருஷனோட அக்கா சிலம்பாயி. "எந்தம்பி பொண்டாட்டிக்கு வெரலு பத்துக்கு மேல எண்ண வராது போல. நாளைக்காச்சும் சொல்லுவியாடி?"

கதவுக்குக் கதவு சிரிப்பு. ஒச்சம்மாவுக்கு மொகமெல்லாம் எரிஞ்சுது. கொட்டையை உள்ளங்கையில மூடிக்கிட்டு, "போயாச்சு"ன்னு முணுமுணுத்தா. மாமியா அதைக் கேட்டு ஊருக்குச் சொன்னா.

கிரீச், கிரீச்சுன்னு கதவு தெறந்துச்சு. சிலம்பாயி புள்ளைக்கு எண்ணெய் தேச்சு, வாசல்ல மொறத்துல கெடத்திட்டு, வெந்நீ எடுக்க உள்ள போனா. தூங்கிறாத, இனிமேத்தான் பயமே.

ம்.

மொதல்ல கோழிக கொக்கொக்குங்கிறதை நிறுத்துச்சு. அப்புறம் ஆடுக தலையைத் தூக்குச்சு. மூணாவதா இலவமரத்துல ஒரு கெளை, காத்தே இல்லாம, சரக்னு ஆடுச்சு.

எலைக்கு நடுவுல ஒரு மஞ்சக் கண்ணு. அது மொறத்தைப் பாக்குது.

ஒச்சம்மாவும் அதைப் பாத்துட்டா. கத்துனா, தான் சொன்னது பொய்யின்னு ஊருக்கே தெரிஞ்சிரும். கத்தலைன்னா புள்ள. அப்போ படபடபடன்னு றெக்கை விரிஞ்சுது. கூரை மேல நெழலு ஓடி வருது.

"மதினி! புள்ளையத் தூக்குங்க, பருந்து போகல, நான் பொய் சொல்லிட்டேன்!"

மலையிலயே மோதித் திரும்புச்சு அந்தச் சத்தம். சிலம்பாயி வெந்நீச் சட்டியைப் போட்டுட்டு ஓடி வந்து புள்ளைய வாரினா. சர்ர்ர்க். வெறும் மொறத்தைக் கிழிச்சுத் தூக்கிக்கிட்டு அது மரத்துக்கே போயிருச்சு.

டப்பு டப்புன்னு கதவெல்லாம் மூடுச்சு. உள்ள ஒரே இருட்டு. சிலம்பாயி, உள்ள ஓடி வந்த ஒச்சம்மாவைப் புடிச்சுக்கிட்டா. "இந்தத் தொண்டைய அப்பவே தெறந்திருக்கக் கூடாதாடி?"ன்னு கேட்டுட்டு அழுதா. ஒச்சம்மாவும் அழுதா. ஆனா கூரை இடுக்குலேருந்து கண்ணை மட்டும் எடுக்கல.

ஆடு கத்துச்சு. கஞ்சி காய்ச்ச தண்ணி எடுக்கக்கூட யாரும் வெளிய போகல. பொழுது உச்சிக்கு வந்துச்சு. ஒரு வீட்டுலேருந்தும் ஒருத்தரும் "போயாச்சா"ன்னு கேக்கல.

அப்புறம் மரம் குலுங்குச்சு. அது மெதுவா எந்திரிச்சு, ஏறி ஏறி, புள்ளியாகி, புள்ளியும் மறைஞ்சுது. அப்பவும் ஒச்சம்மா வாய் தெறக்கல. நல்லாப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் சொன்னா.

எல்லாக் கதவும் தெறந்துச்சு. சிலம்பாயி மட்டும் அன்னைக்குப் பூரா புள்ளைய இடுப்பை விட்டு எறக்கவே இல்ல.

கதை கூடடைஞ்சுது, நீயும் கண்ணை அடை சாமி.