டீ குடிக்காதவர் நீட்டிய கை

ஞானதுரை பேர் பெற்ற நரம்பு டாக்டர். ஐம்பது வயது தாண்டிய பிறகு ஆஸ்பத்திரிக்கு ஒரு வருடம் லீவு போட்டுவிட்டு, தன்னைவிட வயதில் மிகவும் இளையவரான மெஹருன்னிசாவின் ஆய்வகத்தில் மாணவராக வந்து உட்கார்ந்தார். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்காத ஆள் இல்லை.

அவரைக் குடைந்தது ஒரே கேள்வி. மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் சேதி சொல்ல, சினாப்ஸ் என்ற இணைப்பைக் கட்டுகிறது. இங்கே கட்டு என்று அதற்குச் சொல்வது யார்? சேதி வாங்கும் நரம்பணுவின் மேல் துருத்தி நிற்கும் ஒரு புரதம்தான் என்று நம்பினார்.

அந்தப் புரதத்தை நீக்கிப் பார்த்தார். இணைப்புகள் அப்படியே இருந்தன.

டீ நேரத்தில், கையில் கிளாஸோடு மெஹருன்னிசாவின் முன் வந்து நின்றார். "எல்லாம் வீண், மேடம். அது இல்லாமலே வேலை நடக்குது. இந்த மாசத்தோட லீவும் முடியுது."

"பந்தியில பரிமாறறவர் ஒருத்தர் வரலேன்னா இலை காலியாவா கிடக்கு?"

"இன்னொருத்தர் பரிமாறிடுவார்."

"அப்ப வராதவருக்குப் பரிமாறவே தெரியாதுன்னு சொல்லிடலாமா?"

"பின்ன எப்படித்தான் கண்டுபிடிக்கறது?"

மெஹருன்னிசா கையை நீட்டினார். ஞானதுரை தன் கிளாஸை அதில் வைத்தார்.

"நான் கேட்டேனா, டாக்டர்?"

"இல்ல. நீட்டினீங்க, வெச்சேன்."

சொல்லிவிட்டுச் சற்று நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நம்மகிட்ட சிறுநீரக அணு இருக்கா, மேடம்?" என்றார்.

சிறுநீரக அணுவுக்கும் மூளைக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது; வராதவருக்குப் பதில் பரிமாற அங்கே வேறு புரதமும் இல்லை. சிலவற்றில் மட்டும் அந்தப் புரதம் முளைக்கும்படி செய்து, எல்லாவற்றையும் நரம்பணுக்களுக்கு நடுவே விட்டார். புரதம் இல்லாதவற்றை நரம்பணுக்களிலிருந்து நீளும் இழைகள் சட்டை செய்யவே இல்லை. புரதம் உள்ளவற்றைத் தொட்ட இடத்தில் நின்று, பருத்து, சேதிப் பொட்டலங்களை அடுக்கி, சினாப்ஸின் தம் பக்கப் பாதியைக் கட்டி முடித்திருந்தன.

ஞானதுரை நுண்ணோக்கியை விட்டு நகரவில்லை. கண் நிறைந்தது. ஜெயித்துவிட்டார். பக்கத்து அறைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அன்று அவர் சிரித்த சிரிப்பை ஆஸ்பத்திரியில் ஒருவரும் கண்டதில்லை.

கூட்டம் கலைந்ததும் மெதுவாகக் கேட்டார்: "சேதி வாங்கவே தெரியாத அணு, மேடம். அதுகிட்டப் போய் எதுக்குக் கட்டுச்சு?"

மெஹருன்னிசா அவருடைய கிளாஸைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் டீ குடிக்க மாட்டேன்னு ஒரு வருஷமா உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு இதை என் கையில எதுக்கு வெச்சீங்க, டாக்டர்?"