வரகுக்கு அரசர் சொன்ன விலை

ஓடைக்கரைக் காட்டில் மரகதம் என்றொரு முள்ளம்பன்றி வரகு பயிரிட்டு வந்தது. சில ஆண்டுகளாக வரகுக்குச் சரியான விலை இல்லை. விலங்குகள் விதைப்பதையே விட்டுவிட, ஒரு கோடையில் காடே பட்டினி கிடந்தது. அதனால் யானை அரசர் ஓர் அறிவிப்புச் செய்தார். வரகு விளைவிப்பவர்களுக்கு மூட்டைக்கு நான்கு உப்புக்கட்டி கிடைக்கும். சந்தை விலை இரண்டுதான் என்றாலும் மீதியை அரண்மனை போட்டுக் கொடுக்கும்.

அதை நம்பி மரகதம் இருந்த நிலம் முழுக்க வரகையே விதைத்தது. கிழங்கு நட ஒரு மூலையைக்கூட விட்டுவைக்கவில்லை.

அறுவடை முடிந்ததும் எல்லோரும் புளியமரத்தடிக் களத்தில் வரகைக் கொண்டுவந்து குவித்தார்கள். கொள்முதல் செய்ய அரண்மனைக் கரடி வரவேண்டும். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மேற்கே மேகம் கறுத்தது.

மரகதம் நிமிஷத்துக்கு ஒரு தடவை குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தது. ஈரம் ஏறினால் வரகு முளைவிட்டுவிடும். முளைத்த வரகை யார் வாங்குவார்கள்? வீட்டில் மூன்று குட்டிகளுக்கு என்ன கொடுப்பது?

அப்போது நரி வந்தது. அரண்மனையில் உப்பு தீர்ந்துவிட்டதாம், திட்டத்தையே நிறுத்திவிட்டார்களாம், கரடி இனி வரவே வராதாம் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னது. பாவம் பார்த்து மூட்டைக்கு ஒரு கட்டி தருவதாகவும் சொன்னது. முதலில் உடும்பு விற்றது. பிறகு மான்கள் விற்றன, மயில்கள் விற்றன. மரகதமும் பாதியை விற்றுவிட்டது.

நரி மீதியையும் கேட்டது. "மழை வந்துட்டா இந்த ஒரு கட்டியும் கிடைக்காது அக்கா."

மரகதம் வானத்தைப் பார்த்தது. பிறகு நரியைப் பார்த்தது. "மழை உன் குவியல் மேலயும்தானே பெய்யும்? விலை போகாத வரகை ஏன் இவ்வளவு அவசரமா வாங்குறே?"

நரி அடுத்த குவியலுக்கு நகர்ந்தது.

மரகதம் தன் வரகைத் தேக்கிலைகளால் மூடி, உடும்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அரண்மனைக்குப் புறப்பட்டது. நரி சொன்னது நிஜமாக இருந்தால்? திரும்புவதற்குள் மழை கொட்டிவிட்டால்? இரண்டு முறை பாதி வழியில் நின்றது. மறுபடியும் நடந்தது.

ஓடைத்துறையில், உப்பு மூட்டைகளுக்கு நடுவே கரடி உட்கார்ந்திருந்தது.

"வரகு இன்னும் காயல, நாலு நாள் கழிச்சு வாங்கன்னு நரிதானே வந்து சொல்லிச்சு?" என்றது.

"நீங்க ஒரு நடை வந்து பார்த்திருக்கலாமே ஐயா. நாங்க பயந்துபோய் வித்துட்டோம்."

கரடி தலையைக் குனிந்தபடி மூட்டைகளைத் தூக்கிக்கொண்டது.

களத்தில் நரிதான் மலைபோல வரகைக் குவித்துக்கொண்டு வரிசையில் முதலில் நின்றது. அரசர் சொன்ன விலை விளைவித்தவர்களுக்குத்தான் என்று சொல்லி, கரடி அதன் வயலைக் காட்டச் சொன்னது. நரிக்கு ஒரு சாண் வயல்கூட இல்லை. விற்றவர்கள் எல்லாம் வரகைத் திருப்பிக் கேட்டார்கள். நரி தர மறுத்தது. விற்றதைத் திரும்ப வாங்கித்தர அரசர் ஆணையில் வழியில்லை என்று கரடியும் கையை விரித்தது. இந்தச் சண்டையிலேயே மழை பிடித்துக்கொண்டது.

தேக்கிலைகளுக்கு அடியில் நனையாமல் இருந்த மரகதத்தின் மீதி வரகைக் கரடி அளந்து, சொன்ன விலையைக் கொடுத்தது. குட்டிகளின் பசிக்கு அது ஒருவாறு போதும். நரியின் குவியல் நனைந்து, இரண்டே நாளில் பச்சைப் பச்சையாக முளைவிட்டது. உடும்பும் மான்களும் அதைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

பயத்தில் கைப்பொருளை விடுவதற்கு முன், வாக்குக் கொடுத்தவரிடமே போய்க் கேட்டுவிட வேண்டும்.