காலரில் ஏறிய சிவப்பு

ஆறு சாக்கடையாகிறது என்று கோர்ட்டுக்குப் போய், ஊரிலிருந்த சாயப்பட்டறைகளை எல்லாம் மூட வைத்தவர் கோதண்டபாணி. ஆற்றங்கரையிலேயே அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். மேடையைப் பெருக்க வந்தவள் மயிலாத்தாள். பட்டறை மூடியதும் அவள் புருஷன் சாயவேலை தேடி வடக்கே போனவன்தான், தீபாவளிக்குக்கூட வரவில்லை.

சித்திரை வெயில். தோளில் போட்ட சிவப்புச் சால்வையோடு கோதண்டபாணி முழங்கினார்.

"இந்த ஊரில் ஒரு சொட்டுச் சாயத்தை யாராவது காட்டட்டும். கேட்டதைக் கொடுக்கிறேன்."

மயிலாத்தாள் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தாள்.

"உங்க காலரைப் பாருங்கய்யா."

வேர்வையில் சால்வை சாயம் விட்டு, வெள்ளைச் சட்டையின் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. கூட்டம் சிரித்தது.

"இது இங்கே போட்ட சாயமில்லை. வடக்கே வாங்கின சால்வை" என்றார் அவர்.

"தெரியுமுங்க. இங்க மூடின பட்டறை அங்கதான் போயிருக்குது. அங்கயும் ஒரு ஆறு இருக்குதாம், இப்ப இதே நெறத்துல ஓடுதாம். எங்கூட்டுக்காரரு போன்ல சொன்னாரு. அவரும் சால்வைக்குத்தான் சாயம் போடறாரு."

கோதண்டபாணி திரும்பி ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது.

"சரி, என்னம்மா வேணும்?"

"ஆறு திரும்பி வந்துருச்சு, சந்தோசமுங்க. எங்கூட்டுக்காரரைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டா உங்களால முடியாது. அந்தச் சால்வையைக் குடுங்க."

கொடுத்தார். "நல்லா அலசிட்டுப் போட்டுக்கம்மா, சாயம் ஒட்டும்."

"அலச மாட்டனுங்க." அவள் அதை முகத்தில் வைத்துக்கொண்டாள். "பட்டறை இருந்தப்ப, சாயங்காலம் அவரு வீட்டுக்கு வந்தா இந்த வாசந்தானுங்க முன்னால வரும்."