படகில் நிற்க வேண்டியவர்

கடல்கடந்த, பனிமூட்டம் விலகாத ஒரு வடதேசத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகக் கட்டிய பாலத்தின்மேல் மணல் லாரிகளை வரிசையாக நிறுத்துவார்கள். அதை வடிவமைத்தவர் அடியில் படகில் நிற்பார். அவர் பார்க்க எப்படி இருப்பார் என்று வழக்கம் எதுவும் சொல்லவில்லை. அதை எல்லோரும் தாங்களாகவே ஊகித்துக்கொண்டார்கள்.

இந்தப் பாலத்தை வடிவமைத்தவள் செங்கமலவல்லி, தமிழ்நாட்டிலிருந்து போன கறுத்த பெண். அவளுக்குப் பாலக் கணக்கு கற்றுக்கொடுத்த நாச்சியம்மையும் அதே நகரத்தில்தான் இருந்தாள். பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் படிக்க வந்தவள் சிஷ்யை. வயதில் இளையவள் குரு. ஆகவே குருதான் சிஷ்யையை அக்கா என்பாள். குரு என்ற சொல்லுக்குக் கனமானவர் என்றும் பொருள் உண்டு. நாச்சியம்மை ஒல்லி.

சோதனை நாள் காலையில் இருவரும் ஆற்றங்கரையில் நடந்தார்கள். பாலம் பாதி தெரிந்தது. மீதியை ஆறு கனவு கண்டுகொண்டிருந்தது.

"இன்னைக்குப் படகுல எனக்குப் பதிலா, என்கூட வேலை செய்யற ஹென்ரிக் நிற்கட்டும்னு மேலதிகாரி சொல்லிட்டார். என்னைப் பார்த்தா பத்திரிகைக்காரங்க குழம்பிடுவாங்களாம்," என்றாள் செங்கமலவல்லி.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

நாச்சியம்மை நடையை நிறுத்தினாள்.

"பொட்டை எடுத்தேன். மூக்குத்தியைக் கழற்றினேன். பேரை வெறும் 'செங்'னு ஆக்கினேன். குரலைக்கூடக் கட்டையாக்கிக்கிட்டேன். இன்னும் எதைக் கழற்றினா என்னை இன்ஜினியர்னு நம்புவாங்க, குருவே?"

"வாங்க, பாலம் பார்க்கலாம்."

பாலத்து வேலைத்தளத்தின் வாசலில் காவலாளி கை காட்டினான். "துப்புரவு ஆட்களுக்குப் பக்கத்து வாசல்."

செங்கமலவல்லி வாயைத் திறந்தாள். நாச்சியம்மை முந்திக்கொண்டு அவனுக்கு நன்றி சொன்னாள்.

"சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்க்கா. அந்த வாசல்தான் படித்துறைக்குக் கிட்ட."

படகு காலியாகக் கிடந்தது. ஏறினார்கள். துடுப்பு போட்டதும் கரை கரைந்துபோனது. தண்ணீர் சத்தமே போடவில்லை. தலைக்கு மேலே எங்கோ லாரிகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு வந்தன.

கரையிலிருந்து ஒரு குரல் கத்தியது: "அடியில் யார்? ஹென்ரிக் இன்னும் ஏறவில்லை! வெளியே வாருங்கள், இடிந்து விழலாம்!"

இன்னொரு குரல் சொன்னது: "எனக்கு ஒன்றும் அவசரமில்லை. நான் இங்கேயே நிற்கிறேன்."

அது ஹென்ரிக்.

"விழுமாக்கா? போயிடலாமா?"

செங்கமலவல்லி அண்ணாந்து பார்த்தாள். கட்டையாக்கிய குரலை மறந்துவிட்டாள். "கட்டைவிரல் கனத்துக்குத் தொய்யும். அப்புறம் நின்னுடும்."

கடைசி லாரியும் ஏறியது. பாலம் பெருமூச்சு விட்டதுபோலத் தொய்ந்தது. நின்றது.

"லாரி வர்றதுக்கு முந்தி இது எதைச் சுமந்துச்சு?"

"தன்னைத்தான். அந்த எடையைத்தானே முதல்ல கணக்குல எழுதணும்? நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

"அதை விட்டுட்டுக் கணக்குப் போட்டா?"

"அப்படி எந்த முட்டாளாவது போடுவானா!" என்று சிரித்தவள், சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள்.

பனிக்குள்ளிருந்து மறுபடியும் குரல் வந்தது. "படகில் நிற்பது யார்? பெயரைச் சொல்லுங்கள்!"

நாச்சியம்மை துடுப்பை மடியில் வைத்தாள்.

"கேட்கிறாங்க பாருங்க. எதையும் விட்டுடாம சொல்லுங்கக்கா."