தட்டாங்குறிச்சிக்கு வந்த அமெரிக்கச் செம்புக்காசு

தட்டாங்குறிச்சிக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். தப்பெல்லாம் சொல்கிறவர்கள் மேல்.

அந்த ஊரில் ஒரு பழங்காசுச் சங்கம் இருந்தது. ரைஸ்மில் மாசிலாமணி தலைவர். தையல்கடை உலகம்மாள் செயலாளர். சைக்கிள்கடை சேதுக்குட்டி உறுப்பினர். உறுப்பினர் அவன் ஒருவன்தான் என்பதால் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறும்.

முந்தின வருஷம் திருச்சிக் கண்காட்சியில் ரோமாபுரிக் காசு என்று ஒரு கோட்டுப் பொத்தானை வைத்தார்கள். எந்த ராஜா காலத்துக் காசு என்று கேட்டதற்கு மாசிலாமணி, "நாலு ஓட்டை ராஜா" என்று சொல்லப்போக, மூன்று பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். இந்த வருஷமும் மானம் போனால் சங்கத்தைக் கலைத்துவிடுவது என்று தீர்மானம். மாசிலாமணி சாப்பாட்டில் உப்பையே விட்டுவிட்டார்.

இப்படி இருக்கும்போது உலகம்மாள் வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டப்பா அகப்பட்டது. அவளுடைய மாமனார் யுத்த காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சமைத்துப் போட்டவர். ரசம் பிடித்துப்போன சிப்பாய்கள் கொடுத்த சென்ட் காசெல்லாம் டப்பாவில் இருந்தது. சின்னச் சின்னச் செம்புக்காசுகள், நடுநடுவே சில வெள்ளைக்காசுகள்.

உலகம்மாள் திருச்சியில் இருந்த நாணய நிபுணர் ஜம்புலிங்கத்துக்குப் போன் போட்டாள். அவர் துள்ளிக் குதிக்காத குறை.

"அம்மா, நாப்பத்து மூணாம் வருஷம் யுத்தத்துக்குச் செம்பு வேணும்னு அமெரிக்காக்காரன் சென்ட் காசை இரும்புல அடிச்சான். தப்பித் தவறிச் சிலது செம்புல விழுந்துடுச்சு. அது கிடைச்சா இந்த வருஷக் கண்காட்சியில உங்களுக்குத்தான் நடு மேசை! காந்தம் வச்சுப் பாருங்க. ஒட்டினா தூக்கிப் போட்டுருங்க. ஒட்டலைன்னா பத்திரமா வைங்க. விரல் படக்கூடாது, ஓரத்தைத்தான் பிடிக்கணும். எக்காரணம் கொண்டும் கழுவிடாதீங்க. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்."

சேதுக்குட்டி ஓட்டை ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்துக் காந்தம் கொண்டுவந்தான். மாசிலாமணி சாமி கும்பிட்டுவிட்டு டப்பாவின் மூடிமேல் வைத்தார். டப்பென்று ஒட்டிக்கொண்டது.



"ஒட்டிடுச்சு, தலைவரே" என்றாள் உலகம்மாள்.

"தூக்கிப் போடணுமே" என்றார் மாசிலாமணி.

டப்பாவை மில் கிணற்றில் போட்டார்கள். உலகம்மாள் மாமனாரை நினைத்து ஒரு பாட்டம் அழுதாள்.

"அக்கா, அழாதீங்க. ஒட்டாதது வேற ஏதாவது இருக்கான்னு பார்ப்போம்" என்றான் சேதுக்குட்டி.

பார்த்தால், ஊரே ஒட்டாத சாமான்தான்! பூசணிக்காய் ஒட்டவில்லை. பாய் ஒட்டவில்லை. உலகம்மாள் வீட்டு வெள்ளாடு ஒட்டவில்லை. எல்லாவற்றையும் சங்கத்து அறையில் பத்திரப்படுத்தினார்கள். கடைசியில் சேதுக்குட்டி என்னவோ தோன்றித் தலைவரின் நெற்றியில் காந்தத்தை வைத்தான். வழுக்கிக்கொண்டு போயிற்று.

"தலைவரே, நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

"யுத்தம் நடந்தப்போன்னு ஆத்தா சொல்லும். நாப்பத்து மூணு."

உலகம்மாள் வாயில் கை வைத்தாள். "ஐயோ, இவ்வளவு நாள் கூடவே இருந்தும் தெரியலையே!"

"நிறத்தைப் பாருங்க அக்கா. சுத்தச் செம்பு" என்றான் சேதுக்குட்டி.

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்குள் ஏதோ இருக்கிறது என்று சின்ன வயசிலிருந்தே அவருக்கு ஒரு சந்தேகம்.

அன்றிலிருந்து அவருக்குக் குளியல் கிடையாது. முகம் கழுவக்கூடாது. வெல்வெட்டுத் துணி விரித்து உட்காரவைத்தார்கள். விரல் படக்கூடாதென்பதால் சோற்றைக் கரண்டியால் ஊட்டினார்கள். எழுந்து போக வேண்டுமென்றால், கையுறை போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு காதைப் பிடித்து அழைத்துப்போனார்கள். மனுஷனுக்கு ஓரம் என்றால் காதுதான் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜம்புலிங்கம் வந்தார். கதவைத் திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நாப்பத்து மூணு எங்கேம்மா?"

"இதோ, உட்கார்ந்திருக்காருங்க."

"காசும்மா, காசு!"

"ஒட்டிடுச்சுங்க. நீங்க சொன்னபடியே தூக்கிப் போட்டுட்டோம்."

ஜம்புலிங்கம் கிணற்றடிக்கு ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. காந்தத்தைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கச் சொன்னார். சேதுக்குட்டி இறக்கினான், துழாவினான், இழுத்தான். சொட்டச் சொட்ட டப்பா மேலே வந்தது.

"ஒட்டிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு, அதைப் பிய்த்து மறுபடியும் கிணற்றில் போட்டான்.

"அடப்பாவி! ஏன்டா?"

"ஒட்டினா தூக்கிப் போடணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அடுத்த தடவை டப்பா வருவதற்குள் ஜம்புலிங்கம் கிணற்று மேடையில் குப்புறப் படுத்துத் தயாராக இருந்தார். டப்பா தலை காட்டியதுமே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அவரே காசுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். வெள்ளைக்காசெல்லாம் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. செம்புக்காசெல்லாம் நாற்பத்து நான்கும் நாற்பத்து ஐந்துமாக வந்தது. கடைசியில் ஒரு சிவப்புக்காசு. லென்சை வைத்து வருஷத்தைப் பார்த்தார். நாற்பத்து மூன்று. காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. மறுபடி வைத்தார். ஒட்டவே இல்லை.

ஜம்புலிங்கம் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அம்மா, உங்க மாமனார் வச்ச ரசத்துக்குக் கோயில் கட்டலாம்!"

உலகம்மாள் இந்தத் தடவை சிரித்துக்கொண்டே அழுதாள். மாசிலாமணிக்கு மட்டும் முகம் வாடிப்போயிற்று. ஒரே மேசையில் இரண்டு அபூர்வம் வைக்க இடம் போதாது என்று சேதுக்குட்டி பக்குவமாக எடுத்துச் சொல்லி, அவரைக் குளிக்க அனுப்பிவைத்தான்.

திருச்சிக் கண்காட்சியில் நடு மேசை கிடைத்தது. ஜம்புலிங்கம் தம் கையாலேயே காசைத் தட்டில் வைத்து, "வச்சது வச்சபடி இருக்கணும். யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். கூட்டம் அலைமோதியது. சங்கத்தார் மூவரும் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள்.

அப்போது ஒரு டீச்சரம்மா கேட்டார்: "பின்பக்கம் கோதுமைக் கதிர் இருக்குமாமே, காட்டுங்களேன்."

மூவரும் கூடிப் பேசினார்கள்.

"காசைத் தொடக்கூடாது" என்றாள் உலகம்மாள்.

"மேசையைத் தொடலாமே" என்றார் மாசிலாமணி.

மேசையை அலுங்காமல் அரைவட்டம் திருப்பினார்கள். காசில் இருந்த மனுஷனின் அதே முகம்தான் தெரிந்தது. இன்னொரு அரைவட்டம் திருப்பினார்கள். அப்பவும் அதே முகம்.

"நம்மளைவிடக் கெட்டிக்காரனா இருக்கான். கூடவே திரும்புறான்" என்றார் மாசிலாமணி.

சேதுக்குட்டி மேலும் கீழும் பார்த்தான். "தலைவரே, முகம் மேலே இருந்தா முதுகு கீழேதானே இருக்கும்?"

ஜம்புலிங்கம் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது, நடு மேசையைச் சுற்றி ஒரே செருப்புக் குவியல். மேசைக்கு அடியில் டீச்சரம்மா, ஒரு வக்கீல், ஒரு கல்யாண வீட்டுக் கோஷ்டி என்று பாதிக் கூட்டம் வரிசையாக மல்லாந்து படுத்துக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"கதிர் ஒண்ணும் தெரியலையே, ஒரே இருட்டா இருக்கே" என்றார் வக்கீல் உள்ளேயிருந்து.

மாசிலாமணி குனிந்து பொறுமையாகப் பதில் சொன்னார்:

"யுத்த காலத்துக் காசு இல்லீங்களா, சார்? குண்டு போடுவான்னு விளக்கை அணைச்சு வச்சிருப்பாங்க."